தவக்காலத்தில் பாடிய தண்ணீர்த்தொட்டி

சேசு மரி சூசை துணை. (மூவரும் இன்று என் பக்கமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.)

போர்ட் ஆர்தர் எண்ணெய் ஆலையில் வேலைபார்க்கும் அன்புக்குரிய ஓவீட் மாமாவுக்கு, உங்கள் மருமகள் யூலாலி அடுப்பங்கரை மூலையில், விளக்கைச் சிறிதாக்கி எழுதுவது. இங்கே பசு, கோழிகள், அம்மா எல்லாரும் நலம். நான் நலமில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா அக்கார்டியனை விற்கப்போகிறார்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின இரவு, ஊர் நடன ஆட்டத்துக்கு வாசித்து முடித்ததும் அப்பா வழக்கம்போல அதைத் துணியில் சுற்றி அம்மாவின் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தவக்காலம் முடிந்து பாஸ்காத் திருநாள் வரும்வரைக்கும் எந்த வீட்டிலும் இசை கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் ஒரு புது மெட்டு வந்து உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. பாஸ்கா வரை வைத்து அடைகாக்க அது என்ன முட்டையா? வெள்ளிக்கிழமை எல்லாரும் கோயிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனபோது வயிற்றுவலி என்று சொல்லி நின்றுகொண்டேன். பெட்டிச் சாவி இருக்குமிடம் எனக்குத் தெரியும். அக்கார்டியனை எடுத்துக்கொண்டு, பழுதுபார்க்க வற்றவைத்திருந்த மரத் தண்ணீர்த்தொட்டிக்குள் இறங்கினேன். பலகை இவ்வளவு தடிமனாயிற்றே, சத்தம் வெளியே போகாது என்று நம்பித் துருத்தியை இழுத்து இழுத்து வாசித்தேன். காலித்தொட்டி சத்தத்தை மறைக்காது, ஊதிப் பெரிதாக்கும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை, மாமா. நெல்வயலைத் தாண்டிக் கோயில் வரைக்கும் கேட்டிருக்கிறது.

அங்கே நடந்ததை அண்ணன் ஒனெசீம் சொன்னான். சிலுவைப்பாதையின் ஆறாவது ஸ்தல ஜெபத்தில் பக்கத்துவீட்டுத் தெயோஜேனின் கால் தாளம் போட ஆரம்பித்ததாம். அவர் மனைவி கிள்ளினாளாம். “கிள்ளாதடி! நானா ஆடுறேன்? காலு ஆடுது!” என்றாராம். ஏழாவது ஸ்தலத்தில் பாதி பெஞ்சுகள் ஆடினவாம். இந்தப் பக்கத்தில் அக்கார்டியன் உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். ஆனால் அப்பா அங்கே முழந்தாளில் இருக்கிறார், ஒனெசீமும் இருக்கிறான். ஆகவே வாசிப்பது பிசாசு என்று முடிவுகட்டினார்கள். பிசாசை நினைத்தார்களே தவிர ஒருவர்கூட என்னை நினைக்கவில்லை! அதுதான் எனக்குத் தீராத ஆத்திரம்.

சாமியார் முன்னால் வர, ஊரே பின்னால் வந்தது. தொட்டிக்குள் தீர்த்தத்தைக் கவிழ்த்தார்கள். நான் தலையை நீட்டினேன்.

“துருத்தி நனையுது சாமி, போதும்!”

சாமியார் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “பிசாசுன்னா வெரட்டிருப்பேன். இது உங்க வீட்டுப் பிள்ள. நீங்களே பாத்துக்கங்க” என்று போய்விட்டார்.

“தவக்காலத்துல வாசிச்சதே தப்பு. அதுவும் பொம்பளப்பிள்ள!” என்று அப்பா கத்தினார். “வைக்கோல்வாரிப் பல்ல வளச்சு, தாளம் தட்ட இரும்பு முக்கோணம் செஞ்சு குடுத்தேனே, அதத் தட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதானே?”

“அதுல ஒரே சத்தந்தானப்பா வருது.”

“பொம்பளைக்கு ஒண்ணு போதும்!”

அக்கார்டியனை விற்றுவிடுவதாக அந்த இடத்திலேயே சத்தியம் செய்துவிட்டார்.

மாமா, தவக்காலத்தில் வாசித்தது பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன். வேண்டுமானால் கறி தின்னாத இந்த நாட்களில் மிஞ்சியிருக்கும் கெளுத்தி மீனைக்கூட விட்டுவிடுகிறேன். பெண்ணாக இருந்துகொண்டு வாசித்ததைப் பாவமென்று சொல்லமாட்டேன். அடித்தாலும் சொல்லமாட்டேன். (உள் அறையில் அப்பா இருமுகிறார். மெதுவாக எழுதுகிறேன்.) டெக்சாஸுக்குப் போகும்போது நீங்கள் கொடுத்துவிட்டுப் போன அக்கார்டியன்தானே அது? இரவலாகத்தான் கொடுத்தேன், விற்காதே என்று அப்பாவுக்குக் கடுமையாக ஒரு வரி எழுதுங்கள். பொய்தான். அந்தப் பாவத்தையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் முத்தங்கள். மாதாவின் ஆசீர்வாதம் உங்கள் ஆலைப் புகையைத் தாண்டி வந்து சேரட்டும்.

கீழ்ப்படியாத மருமகள்,
யூலாலி

பின்குறிப்பு: அப்பாவுக்கு எதுவும் எழுதாதீர்கள். அவர் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். கதவு திறந்தபோது எனக்கு உயிர் போய்விட்டது. பார்த்தால் அவர் மடியில் அக்கார்டியன். துருத்தியை வாரால் கட்டிவைத்து, சத்தமில்லாமல் பொத்தான்களை மட்டும் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

“அமுக்கினாப் பாவமில்ல. இழுத்தாத்தான்” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “அந்த மெட்டுல ரெண்டாவது பாதி எப்படிப் போகுது? பிடிபட மாட்டேங்குது. பாஸ்கா ஆட்டத்துல எல்லாவனும் அதைத்தான் கேப்பான்.”

“விக்கப்போறீங்களே?”

“அத அப்புறம் பாப்போம். சொல்லு.”

“அன்னிக்கு நான் வாசிக்கிறதா இருந்தாச் சொல்றேன்.”

முறைக்கிறார். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், மாமா. இதோ, அக்கார்டியனை என் பக்கம் தள்ளிவிட்டு, “பாஸ்கா வரைக்கும் இழுத்துத் தொலச்சிடாத” என்கிறார்.