பராக்கிரமபாகுவும் பத்தொன்பது கட்லட்டும்

என்னுடைய வலது காலை மட்டும் நம்பாதீர்கள். யாராவது திடீரென்று ஒரு கேள்வி கேட்டால், வாய் திறப்பதற்கு முன்னமே அது நிலத்தை அமர்த்தி மிதித்துவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த மனுசி "பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ?" என்று கேட்டபோதும் மிதித்தேன். மேசைக்குக் கீழே கரப்பான் போகிறதாக்கும் என்று அவ தன்னுடைய இரண்டு காலையும் தூக்கிக்கொண்டா. (அந்தச் சம்பந்தம் சரிவந்தது. மாமி இப்போதும் எங்கள் வீட்டில் காலைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பா.)

இந்தக் கால் இப்படிக் கெட்டுப்போனதற்குக் காரணம் ஒரு மெஷின், ஒரு அரசன், கொஞ்சக் கட்லட்.

எனக்கு வாசிக்க வராது. கதைக்க வரும், பாட வரும், சண்டை பிடிக்க நல்லாய் வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காது. நான் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இப்போது அதற்கு டிஸ்லெக்சியா என்று மரியாதையான பெயர் இருக்கிறது. யுத்த காலத்துக் கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனையில், அதற்கு இருந்த பெயர் "மொக்கு". ஏழாம் ஆண்டை இரண்டு தரம் படித்தேன். எட்டாம் ஆண்டிலும் அதே நிலைமைதான். இந்த முறையும் தவறினால் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் வகுப்புக்கு அனுப்புவதாகப் பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. எனக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் அம்மா பிளோரன்ஸ் புதுக்கடையில் ஒரு வக்கீலின் கந்தோரில் டைப்பிஸ்ட். வக்கீல் ஐயா கடிதங்களைக் கையால் எழுதமாட்டார். ஒரு மெஷினில் பேசிப் பதிந்து வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவார். அம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பெடலை மிதித்து மிதித்து அதைக் கேட்டு டைப் அடிப்பா. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு நாள் பள்ளிக்கூடம் இல்லையென்று என்னையும் கந்தோருக்குக் கூட்டிப்போனா. அவ தேத்தண்ணி குடிக்கப் போன இடைவெளியில் நான் ஹெட்போனை மாட்டி, பெடலில் ஏறிவிட்டேன். பின்னேரம் பஸ்ஸில் வரும்போது அந்த இங்கிலிஷ் கடிதத்தை "டியர் சேர் கமா வித்தவுட் பிரெஜுடிஸ் ஃபுல் ஸ்டாப்" என்று தொடங்கி, முடிவு வரைக்கும் ஒப்பித்தேன். ஒரு சொல்லுக்கும் கருத்துத் தெரியாது.

அம்மா பஸ்ஸுக்குள்ளேயே அழுதா. "உனக்கு மூளை இல்லை எண்டு இனி ஆரும் சொல்லட்டும் பாப்பம்!" என்று பக்கத்தில் இருந்த ஆளுக்கும் சேர்த்துச் சொன்னா. அந்த ஆள் பயந்து அடுத்த ஹோல்டில் இறங்கிவிட்டார்.

வக்கீல் ஐயா புது மெஷின் வாங்கியபோது, பழையதை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தா. அன்றிலிருந்து எங்கள் குசினி ஒரு ஒலிபரப்பு நிலையம். அம்மா கறியைக் கிண்டிக்கொண்டே வரலாறு, சமயம், விஞ்ஞானம் எல்லாம் வாசித்துப் பதிவா. இருபது வருசப் பழக்கம் சும்மா விடுமா? "பராக்கிரமபாகு பெரிய குளங்களைக் கட்டினார் ஃபுல் ஸ்டாப். அடுத்த பந்தி." அப்படித்தான் வாசிப்பா. அதோடு எங்கள் வீட்டுச் சத்தம் முழுக்க உள்ளே போய்விடும். குக்கர் விசில், கோயில் மணி, மேல்வீட்டு அன்டி குழாய்த் தண்ணிக்குச் சண்டை பிடிப்பது. திரும்பப் பதிய வசதியில்லை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டும். "தேவையில்லாததை விட்டிட்டுப் பாடமாக்கு" என்பா அம்மா.

அங்கேதான் பிழை வந்தது. எனக்கு விடத் தெரியாது. கேட்டது கேட்ட வரிசையில்தான் மண்டைக்குள் ஏறும், அதே வரிசையில்தான் இறங்கும். விசில் இடத்தில் நானும் விசில் அடிப்பேன். பெடல் இல்லாத இடத்திலும் காலை மிதித்தால்தான் வாய் ஓடும், எடுத்தால் நின்றுவிடும்.

சோதனைக்குக் கிட்ட, அம்மா பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டரிடம் போய் நின்று மன்றாடினா. பெரிய சிஸ்டர் லேசில் சிரிக்காத மனுசி. "சரி, வாயால சொல்லட்டும். வரலாறு மட்டும் கேக்கிறன். சரியாச் சொன்னா இனி எல்லாப் பாடத்தையும் வாயாலயே எடுப்பம். சொல்லாட்டி தையல்தான் மிஸிஸ் பெர்னாண்டோ" என்று முடித்துவிட்டா. மெஷினையும் கொண்டுவந்து காட்டச் சொன்னா.

அந்த நாள் காலையில் அம்மாவும் நானும் மெஷினை ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு நடந்தோம். அந்தக் காலத்துக் கொழும்பில், வயர் தொங்குகிற பெட்டியோடு செக்பொயின்றைக் கடக்கிறோம் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. இரண்டு பேரும் பராக்கிரமபாகுவின் நினைப்பில் இருந்தோம்.

ஆமிக்காரன் பைக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு அடி பின்னால் போனான். "மே மொகக்த அக்கே?" இது என்ன, அக்கா?

"பாடம் அஹன்ன டேப் எகக் மல்லி" என்றா அம்மா. பாடம் கேட்கிற டேப், தம்பி. அவன் நம்பவில்லை. நிலத்தில் வைக்கச் சொன்னான், எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னான், அம்மாவையே பெடலை மிதிக்கச் சொன்னான்.   அம்மா சிலுவை போட்டுவிட்டு மிதித்தா.

"மகா பராக்கிரமபாகு மன்னன் கமா..." என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது மெஷின்.

ஆமிக்காரனின் முகம் மாறியது. சிங்கள அரசனின் பெயரல்லவா. "பராக்ரமபாஹு?" என்று கேட்டுக்கொண்டு குந்தி இருந்து காதைக் கொடுத்தான். கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டான். திடீரென்று நிமிர்ந்து, "பராக்ரமபாஹு கட்லட் கேவத?" என்றான். பராக்கிரமபாகு கட்லட் சாப்பிட்டவரா?

அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்குப் போனது. ஏனென்றால் அந்தக் கட்லட் கதையில் மாட்டிய ஆள் யார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பங்குத் திருநாள் சந்தையில் எங்கள் வீட்டுக் கட்லட் ஸ்டோலுக்கு அப்பாதான் காவல். தட்டில் பத்தொன்பது கட்லட் குறைந்துபோனது. அம்மா பராக்கிரமபாகுவைப் பதிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அப்பா குசினிக்குள் வந்து, தன்னுடைய துப்பறிதலை வெளியிட்டார். அது குளங்களுக்கும், அந்தக் குளங்களால் வந்த நன்மைகளுக்கும் நடுவில் பதிந்துபோய் இருந்தது.

பெரிய சிஸ்டரின் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய சிஸ்டர், பக்கத்தில் வரலாறு டீச்சர். இந்தப் பக்கம் நான், பின்னால் அம்மா. நான் மாதாவை வேண்டினேன்: வேறு எந்த அரசனென்றாலும் பரவாயில்லை தாயே.

டீச்சர் கொப்பியைப் புரட்டினா. "பராக்கிரமபாகு காலத்து நீர்ப்பாசனம். சொல்லுங்கோ ஜெசிந்தா."

கால் மிதித்தது. வாய் ஓடியது. "மகா பராக்கிரமபாகு மன்னன் கமா பொலன்னறுவையைத் தலைநகராகக் கொண்டு..." டீச்சரின் புருவம் உயர்ந்தது. பெரிய சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டா. குக்கர் விசிலைக்கூட மெல்லமாக அடித்துச் சமாளித்துவிட்டேன். குளங்கள் முடிந்தன. ஃபுல் ஸ்டாப், அடுத்த பந்தி. கட்லட் வருவது எனக்குத் தெரிந்தது. காலைத் தூக்கிவிட்டேன்.

அவ்வளவுதான். மண்டைக்குள் ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா? இதால சனத்துக்கு வந்த நன்மைகள்?" என்றா டீச்சர். "அதுக்குத்தான் அரைவாசி மாக்ஸ்."

நன்மைகளில் தொடங்கிப் பார்த்தேன். வரவில்லை.  பெரிய சிஸ்டர் பேனையை எடுத்தா. பின்னால் அம்மாவின் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தையல் மெஷின்களும் கேட்டன, சத்தியமாக. அம்மா எத்தனை நாள் எனக்காகத் தொண்டை கட்டக் கட்ட வாசித்திருப்பா! வருவது வரட்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காலை மிதித்தேன்.

"பிளோரன்ஸ், கேளும்!" என்றேன், அப்பாவின் குரலிலேயே. "எங்கட பத்தொன்பது கட்லட்டையும் எடுத்தது ஆர் தெரியுமோ? பெரிய சிஸ்டர்! டொக்டர் எண்ணெய்ச் சாமானே தொடக் கூடாதெண்டவர். கூடாரத்துக்குப் பின்னால நிண்டு கைலேஞ்சித் துணிக்குள்ள சுத்தினதை என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான். கள்ளப் பூனை!" உடனே அம்மாவின் குரல். "சும்மா இருங்கோ, டேப் ஓடுது." திரும்ப அப்பா. "ஓடட்டும், நான் கோர்ட்டிலயும் சொல்லுவன். இந்தக் குளங்களால் மக்கள் அடைந்த நன்மைகள் பல ஃபுல் ஸ்டாப்..."

நெல் விளைந்தது, பஞ்சம் நீங்கியது, மழைத்தண்ணி கடலுக்குப் போகாமல் மிஞ்சியது. ஒன்றையும் விடவில்லை. கடைசியில், கடிதம் முடிக்கிற அம்மாவின் பழக்கமும் சேர்ந்து வந்தது. "இப்படிக்கு கமா தங்கள் உண்மையுள்ள ஃபுல் ஸ்டாப்."

கண்ணைத் திறந்தேன். அம்மா உரப்பையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. டீச்சர் யன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் தோள் குலுங்கியது.

"டீச்சர்" என்றா பெரிய சிஸ்டர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "வரலாற்றில ஏதும் பிழை இருக்கோ?"

"இல்லை சிஸ்டர். வரலாறு... முழுக்கச் சரி."

"அப்ப பாஸ். போய் மாக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவாங்கோ."

டீச்சர் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும், தாழ்வாரத்தில் அவ சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது. பெரிய சிஸ்டர் அம்மாவைப் பார்த்தா.

"பத்தொன்பது இல்லை மிஸிஸ் பெர்னாண்டோ. பதினேழு. மற்ற ரெண்டையும் திண்டது ஆர் எண்டு உங்கட மிஸ்டரிட்டக் கேளுங்கோ. நானும் கண்டனான்."

பின்னேரம் அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிட்டா. அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின திருக்குடும்பப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உப்புச் சரியோ எண்டு பாத்தனான்" என்றார்.

"ரெண்டு தரமோ?" என்றா அம்மா.

நான் ஒன்பதாம் ஆண்டுக்கு ஏறினேன். பெரிய சிஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினா. எல்லாப் பாடமும் வாயால்தான். அதோடு நிற்கவில்லை. தையல் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அம்மாவின் கசெட்டுகளை அவர்களுக்கும் கொடுத்தா. அதிலே ஒருத்தி இன்றைக்கு நுகேகொடையில் கணக்காளர். அவளும் விசில் அடிப்பாளாம். எனக்கு இப்போது வேலையே, என்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாடங்களைக் குரலில் பதிந்து கொடுப்பதுதான். பதிகிற அறையின் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

எங்கள் வீட்டில் யாராவது ஒரு குற்றத்தைக் கொஞ்சம் குறைத்து ஒத்துக்கொண்டால் "பதினேழுதானே?" என்று இன்றைக்கும் கேட்போம். என் மகளுக்கே கதை பாடம்.

பெரிய சிஸ்டர் இளைப்பாறி வத்தளையில் ஒரு மடத்தில் இருந்தபோது, ஒரு பெட்டி கட்லட் பொரித்துக்கொண்டு போனேன். எண்ணித்தான் வைத்தேன், பத்தொன்பது. அவ பெட்டியைத் திறந்தா, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினா. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு லேஞ்சியை எடுத்து, இரண்டு கட்லட்டை அதற்குள் வடிவாகச் சுற்றி என் கையில் வைத்தா.

"உங்கட அப்பாட்டக் குடுங்கோ" என்றா. "உப்புப் பாக்கட்டும்."