ஓர் அங்குலம் போதும் என்பவர்

நீங்கள் வண்டி ஓட்டுபவராக இருந்தால் இந்த ரகத்து மனிதரை அறிவீர்கள். உங்கள் தலைக்கு நேரே தொங்கும் சின்னக் கண்ணாடியில் பின்னால் இருக்கும் சாலை தெரிய வேண்டும் அல்லவா? தெரியாது. ஒரு முகம் தெரியும். அந்த முகம் காலையில் சவரம் செய்துகொண்டதா, செய்துகொண்டது என்றால் தாடைக்குக் கீழே எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்பது வரை தெளிவாகத் தெரியும். அவர்தான் இவர். முன்னால் போகிற வண்டியை ஒட்டியே ஓட்டுகிறவர்.

இவருக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்குகிறீர்களே, பாவம் நீங்கள். அவசரமெல்லாம் இளவட்டங்களுக்கு. இவர் குடும்பஸ்தர். எங்கும் தாமதமாகப் போகாதவர். போய்ச் சேர்ந்த பிறகு, வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியோவில் ஓடும் பாட்டு முடியும் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்குவார். வழியில் உங்கள் முதுகில் ஏறி உட்கார்ந்து மிச்சம் பிடித்த நேரம் இப்படித்தான் செலவாகிறது.

எனக்கு வாய்த்தவர் என் எதிர்வீட்டுக்காரர். இருவருக்கும் ஒரே அலுவலகம் என்பதால் தினமும் அவர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்வரும் பாக்கியம் எனக்கு. "முன்வண்டிக்கும் நமக்கும் ஓர் அங்குலம் போதும் சார், அதுக்கு மேல விட்டா வீண்" என்று அடிக்கடி சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் அவருக்கு அங்குலம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். பட்டம் கொடுத்த மாதிரி சந்தோஷம்தான்.

இடைவெளி விடக்கூடாது என்பதற்கு அவரிடம் ஒரு தத்துவமே இருக்கிறது. சாலையில் தன் வண்டிக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் அவருக்குச் சொந்த மனை. வேலி போடாமல் விட்டால் எவனாவது குடிசை போட்டுவிடுவான். "கொஞ்சம் இடம் விட்டோம்னு வைங்க, சைடுல வர்றவன் நுழைஞ்சிடுவான்." நுழைந்தால் என்ன ஆகும்? இதை ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் வீடு வாசல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிற ஆள் என்று முடிவுகட்டியது தெரிந்தது. "நுழைஞ்சா நுழைஞ்சதுதானே சார்? அப்புறம் அவன் முன்னாடி, நாம பின்னாடி!"

அவர் தயவில் எனக்குப் பொது அறிவு பெருகியிருக்கிறது. லாரிகளின் பின்புறத்தில் பெயிண்டில் எழுதியிருப்பதை மட்டுமல்ல, அந்தப் பெயிண்டுக்கு அடியில் அழித்துவிட்டு எழுதிய பழைய எழுத்தையும் என்னால் படிக்க முடியும். முன்னால் போகும் காரின் பின்சீட்டுக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டது என்ன மிட்டாய் என்று சொல்ல முடியும். ஒருமுறை மூன்று தெரு நீளத்துக்கு ஒரு குடும்பச் சண்டையை, சத்தம் இல்லாமல், முழுசாகப் பார்த்தோம். கடைசியில் அந்தக் குடும்பமே ஒன்று சேர்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தது. அவர்களைச் சமாதானம் செய்துவைத்த புண்ணியம் எங்களுக்குத்தான்.

முன்பக்கம் இப்படியென்றால் பின்பக்கம் வேறு கதை. அவருடைய பின்கண்ணாடியை நீங்கள் பார்க்க வேண்டும். 'இடைவெளி விடவும்' என்று ஒன்று. 'பொறுமை காக்கவும்' என்று ஒன்று. நடுநாயகமாக, மஞ்சள் அட்டையில், ரப்பர் குமிழால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கொக்கியில் தொங்கும் 'குழந்தை உள்ளே இருக்கிறது'. குழந்தையா? இருந்தது. அவர் மகள் பிறந்தபோது வாங்கி மாட்டியது. அவள் பள்ளிக்கூடம் போனாள், கல்லூரி முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகிப் போனாள். அவர் இரண்டு கார் மாற்றினார். அட்டை மட்டும் காருக்குக் கார் கூடவே வந்தது. "குழந்தைதான் இல்லையே சார்?" என்றால், "பின்னால வர்றவனுக்கு அது தெரியணுமா?" என்பார்.

அந்தப் பின்னால் வருகிறவன்தான் அவர் வாழ்க்கையின் பெரிய மனக்குறை. தான் ஒரு தண்ணி லாரியின் குழாயில் வாய் வைத்துக் குடிக்கும் தூரத்தில் ஓட்டிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துக் கொதிப்பார். "பாருங்க சார் அந்த ஆளை! எப்படி ஒட்டிக்கிட்டு வர்றான்! படிச்சவன் மாதிரி இருக்கான், எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் தண்ணி லாரி நிற்கும். நாங்களும் நிற்போம். எப்படி நின்றோம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. "பாருங்க, சொல்லாம கொள்ளாம நிறுத்தறான்!"

இவருக்குச் சாலை விதி தெரியாது என்றாவது நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை. எங்கள் அலுவலகம் வாகனக் காப்பீட்டு அலுவலகம். இடித்துக்கொண்டு வருகிற வண்டிகளில் யார்மேல் தப்பு என்று தீர்மானிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சாட்சாத் அங்குலமேதான். போன மாதம் ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"முன்னாடி போன கார் திடீர்னு நிறுத்திட்டாங்க சார்."

"திடீர்னுதான் நிறுத்துவாங்க. பின்ன, ஆள் அனுப்பிச் சொல்லிட்டா நிறுத்துவாங்க?" என்றார் அங்குலம். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாடம் எடுத்தார். "முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டுதுன்னு வைங்க. அப்ப எண்ண ஆரம்பிக்கணும். ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு. அதுக்கு முன்னாடி நீங்க அந்தக் கம்பத்துக்கு வந்துட்டா, ரொம்பக் கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம். மழைன்னா நாலு வரைக்கும் எண்ணணும். உயிர் சமாச்சாரம் பாருங்க."

வேன்காரர் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை வீடு திரும்பும்போது நான் எண்ணிப் பார்த்தேன். 'ஆயி' சொல்வதற்குள் கம்பம் எங்களைத் தாண்டிவிட்டது.

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிற அம்மாள் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார். "வண்டிய நீ ஓட்டறியா, நான் ஓட்டட்டுமா?" என்று பதில் வந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டு காலைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். முன்வண்டி நெருங்கும்போதெல்லாம் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். ஒருநாள் வண்டியைக் கழுவ விட்டிருந்தபோது மெக்கானிக் அந்தப் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பிடித்து, "இதென்ன சார், ஓட்டற பக்கம் புதுசா இருக்கு, உட்கார்ற பக்கம் ஓட்டையாயிருக்கு?" என்று கேட்டான். அங்குலம் மிதியடி செய்த கம்பெனிக்காரனைத் திட்டினார். எனக்கு விஷயம் தெரியும். அந்த ஓட்டையில் என் பங்கும் உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் மகளுக்குப் பிரசவமானது. பேரன். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. அவர் வந்து சேர இரண்டு நாளாகும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் பொறுப்பு தாத்தாவுடையது. முதல்நாளே வண்டியைக் கழுவித் துடைத்து, மஞ்சள் அட்டையை ஈரத்துணியால் பளபளக்க வைத்தார். இத்தனை வருஷம் பொய் சொல்லிக்கொண்டிருந்த அட்டை மறுபடி நிஜம் சொல்லப்போகிறது! மூட்டை முடிச்சு தூக்க நானும் கூடப் போனேன்.

வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி அம்மாவுடன் வந்தாள். வண்டியைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் டாக்ஸியில வர்றேன்."

"என்னம்மா சொல்ற? நம்ம வண்டி இருக்கறப்ப டாக்ஸி எதுக்கு?" என்றார் அங்குலம். "என் வண்டிக்கு என்ன குறைச்சல்?"

"வண்டிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லப்பா. நீங்க ஓட்டறதுதான் பயமா இருக்கு. சின்ன வயசுலேர்ந்து உங்க பின்சீட்ல கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். கல்யாணமாகி அவர் வண்டியில ஏறினப்புறம்தான், முன்னாடி ரோடுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பேரனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துப் போகக் கனவு கண்டவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார். எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. கடைசி ஆயுதமாகப் பின்கண்ணாடியைக் காட்டினார்.

"பாரு, எவ்வளவு ஜாக்கிரதையா குழந்தை உள்ளே இருக்குன்னு போட்டிருக்கேன்!"

"அது யாருக்குப்பா?"

"பின்னால வர்றவனுக்கு."

"அவன் யாரோ எவனோ. அவனுக்குத் தெரிஞ்சா போதுமா?"

மகள் டாக்ஸியைத் தேடித் திரும்பினாள். அப்போதுதான் அந்த அம்மாள், அத்தனை வருஷம் காலால் மட்டுமே பேசிய அம்மாள், பின்கதவைத் திறந்து உள்ளே எட்டி அட்டையை வெடுக்கென்று பிடுங்கினார். முன்பக்கம் வந்தார். ஓட்டுகிறவருக்கு எதிரே, கண்ணாடியின் அடி ஓரத்தில், ரப்பர் குமிழை நக்கி ஈரமாக்கி அழுத்தி ஒட்டினார். கொக்கியைத் திருப்பி எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி வைத்தார். பிறகு மகளிடம், "இப்ப ஏறு" என்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஏறினாள்.

அன்று அங்குலம் ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். முன்னால் ஒரு வேன். அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மைதானம். வாய் முணுமுணுத்தது: "ஆயிரத்து ஒண்ணு... ஆயிரத்து ரெண்டு... ஆயிரத்து மூணு..." மழை என்பதால் நாலு வரை! ஒரு கார் நுழைந்தது. அவர் பல்லைக் கடித்தார். இன்னொன்று நுழைந்தது. ஒரு மூன்று சக்கர சாமான் வண்டி, கைகூடக் காட்டாமல், சொந்த வீட்டுக்குள் போவதுபோல் நுழைந்தது. மனிதர் நெற்றியில் வேர்த்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பார்வை அட்டைக்குப் போகும், கால் லேசாகும், மறுபடி ஆயிரத்து ஒண்ணிலிருந்து ஆரம்பிப்பார்.

பாலத்து இறக்கத்தில் அந்தச் சாமான் வண்டியிலிருந்து ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. வண்டிக்காரன் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல்தான். என் கால் தன்பாட்டில் தரையை மிதித்தது. தேவையே இருக்கவில்லை. அங்குலம் நிதானமாக நிறுத்தினார். வண்டிக்காரன் இறங்கி வந்து, பெட்டியை எடுத்து, சிதறியதைப் பொறுக்கி, எங்களைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நடுவே இடம் இருந்தது. குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. முன்சீட்டைப் பார்த்தேன். அந்த அம்மாள் காலை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் அந்த அம்மாள் தூங்கி நான் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக, மனிதர் திருந்திவிட்டார் என்று கதையை முடித்துவிடலாம்தான். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் ஏறி உட்கார்ந்தேன். முன்கண்ணாடி வெறுமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், அட்டை பழைய இடத்தில், எழுத்து வெளியே பார்க்க.

"என்ன சார், திரும்பப் பின்னாடி போயிடுச்சா?"

"குழந்தை வீட்ல இருக்கே சார்" என்றார், ஒரு பஸ்ஸின் புகைக்குழாய்க்குள் மூக்கை நுழைத்தபடி. "வண்டியில இப்ப நீங்கதானே இருக்கீங்க?"

நான் என் காலை ஓட்டையில் வைத்துக்கொண்டேன்.

அங்குலத்தை நன்றாகத் தெரியும் என்கிறீர்களா? உங்கள் மைத்துனர் இப்படித்தான், உங்கள் மேலதிகாரி இப்படித்தான், நீங்கள் மட்டும் எப்போதும் ஒழுங்காக இடம் விட்டு ஓட்டுகிறவர். இருக்கட்டும், நம்புகிறேன். இருந்தாலும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் போய், உங்கள் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழே கிடக்கும் மிதியடியை ஒருமுறை தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.