என் வீட்டுக்காரர் ஆடாத ரம்மி

எங்கள் ஊரில் நீங்கள் பணத்தை எவ்வளவு செலவழித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செலவழிப்பதைத் திடீரென்று நிறுத்திப் பாருங்கள், தெருவே உங்கள் வாசலில் ஒரு கண் வைத்திருக்கும். இந்த உண்மையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

நான் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். என் கணவர் செல்வினுக்குக் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற வேலை. இரண்டு சம்பளம் வந்தது, கடன் எதுவும் கிடையாது. ஆனாலும் மாதக் கடைசியில், வந்த பணம் எந்த வழியாகப் போனது என்று இருவரும் உட்கார்ந்து விசாரணை நடத்துவோம். அது வழக்கமாக என் சேலையில் தொடங்கி அவருடைய வடையில் போய் முடியும்.

அப்படி ஒரு விசாரணை முடிந்து நான் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வீடியோவில் அந்த அம்மாளைப் பார்த்தேன். கைத்தறிச் சேலை கட்டி, பின்னால் ஒரு பச்சைச் செடி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். பணத்தைக் கண்டு பயப்படக் கூடாதாம், அதோடு விளையாட வேண்டுமாம். ஒரு மாதம் அரிசி, பால், மருந்து தவிர எதையும் வாங்காமல் இருந்து பாருங்கள், மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிடும், நல்லதெல்லாம் தானாகத் தேடி வரும் என்றார். (பின்னால் செடி வைத்துக்கொண்டு யார் பேசினாலும் நம்புகிற வயது எனக்கு.)

செல்வினிடம் சொன்னேன். விளையாடிவிடுவோம் என்றார். எதற்கும் மறுத்துப் பேச மாட்டார். கல்யாணத்துக்கும் அப்படித்தான் சம்மதித்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தொடக்கம் இனிமையாகவே இருந்தது. பூக்கார அக்காவை இந்த மாதம் வேண்டாம் என்று அனுப்பினேன். வீட்டு முருங்கையில் கீரை பறித்தேன். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு வேலைக்கு நடந்து போனேன். செல்வின் பைக்கை மூடிப் போட்டுவிட்டுப் பழைய சைக்கிளை எடுத்தார். கம்பெனிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் எல்லோரும் டீ குடிக்கும்போது, நான் கொடுத்தனுப்பிய சுக்குக் காபியைத் தனியாக ஒரு வேப்ப மரத்தடியில் நின்று குடித்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. நான் சொந்தமாக யோசித்துச் செய்த ஒரு காரியம் இருக்கிறது. காலை டியூட்டிக்கு இருட்டோடு நடந்து போகிறோமே, செயினை எவனாவது அறுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று, தாலிச் செயினைக் கழற்றிப் பேங்க் லாக்கரில் வைத்தேன். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டேன். கல்யாணமான பெண்ணின் கழுத்தில் தங்கம் போய்க் கயிறு வந்தால், அது லாக்கருக்குப் போயிருக்கும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. அவர்களுக்குத் தோன்றாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நல்லதெல்லாம் தானாகத் தேடி வர ஆரம்பித்தது. தலைமை நர்ஸ் தினமும் இட்லி அதிகமாகிவிட்டது என்று ஒரு டப்பாவை என்னிடம் நீட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. மளிகைக்கடை அண்ணாச்சி, காசுக்கு அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள் என்று நான் கேட்காமலே சொன்னார். செடி அம்மாளின் வாக்கு இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. செல்வினிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, எதற்கு எல்லோரும் தன்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். உங்கள் முகமே அப்படித்தான் என்றேன்.

அடுத்து மல்லாங்கிணற்றிலிருந்து அப்பா வந்தார். அவர் விவசாயி. காட்டு வேலை இருக்கும்போது யார் வீட்டுக்கும் போக மாட்டார். அரை மூட்டை உளுந்தை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் என் கழுத்தையே பார்த்தார்.

"மாப்பிள்ளை போன்ல என்னத்தா பாப்பாக?" என்று கேட்டார்.

"கிரிக்கெட் பாப்பாகப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து மோர் கொடுத்தேன்.

அந்த வாரம் செல்வின் ஒரு நாள் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். வருஷா வருஷம் காலண்டர் சீசனில் வெளியூர்க் கடைகளுக்குப் போய்ப் பாக்கி வசூலிக்க, நம்பிக்கையான ஓர் ஆளை முதலாளி அனுப்புவார். அந்த வருஷம் அது செல்வினுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. கூடவே சம்பளமும் உயரும். இப்போது வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். கையில் காசு புழங்கினால் மனசு நிலையாக நிற்காது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று முதலாளி தோளைத் தட்டினாராம். அன்றைக்கு ராத்திரி கணக்கு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் சேர்ந்தாலும் அந்தச் சம்பள உயர்வில் கால்வாசி வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், ஒரு மாய விளையாட்டில் சிக்கிய இளம் குடும்பத்துக்காக எல்லோரும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். யாரோ பாவம் என்று நானும் உருக்கமாக ஜெபித்தேன். இடையில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், முன் வரிசையில் பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் போதகரும் சபை மூப்பர் ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சுக்குக் காபி கொடுத்தேன். அதை வாங்கும்போதே மூப்பர் பெருமூச்சு விட்டார்.

"மறைக்காமச் சொல்லும்மா, ஜெசி. விளையாட்டு உண்டா, இல்லையா?" என்றார் போதகர்.

எங்கள் சிக்கன மாதம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். "உண்டுய்யா. ஆனா அவுகளக் கோவிச்சுக்கிடாதீக. நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்" என்றேன்.

"நீயா?"

"ஆமாய்யா. போன்ல பாத்தேன். ஒரு மாசம் வெளையாடிப் பாப்போம்னு அவுகளையும் சேத்துக்கிட்டேன்."

போதகர் செல்வினைப் பார்த்தார். செல்வின், ஆமாம் ஐயா, என்றார். (சொன்னேனே, எதையும் மறுத்துப் பேச மாட்டார்.)

"நகையெல்லாம் எங்கம்மா?"

"பேங்க்ல இருக்குய்யா."

"மார்வாடி கடையில வைக்காம பேங்க்லயாவது வச்சிருக்காகளே" என்று மூப்பர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

"எம்புட்டுப் போச்சு?"

"போகலய்யா. மிச்சந்தான் வந்திருக்கு."

போதகர் மிகுந்த இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாக" என்றார்.

பிறகு முழங்கால்படியிடச் சொல்லி, செல்வினின் தலைமேல் கை வைத்து ஜெபத்தைத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்த ஆன்லைன் ரம்மியின் பிடியிலிருந்து உமது பிள்ளைகளை விடுவியும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இட்லி, மீன் குழம்பு, உளுந்து, முதலாளி தட்டிய தோள் எல்லாம் வரிசையாக வந்து கண்முன் நின்றன. ஆனால் ஜெபத்தின் நடுவே எப்படிக் குறுக்கே பேசுவது? எங்கள் போதகர் சுருக்கமாக ஜெபிக்கிறவரும் அல்ல. சூதாடிகளில் தொடங்கி, அவர்களுடைய மனைவிமார், பிறக்கப்போகும் பிள்ளைகள் என்று விரித்துக்கொண்டே போனார். செல்வின் ஒரு கண்ணைத் திறந்து, எந்த ரம்மி என்று என்னை உதட்டசைவில் கேட்டார். அதற்குள் மூப்பர் 'ஆமென்' சொல்லச் சொன்னார். இருவரும் 'ஆமென்' சொன்னோம். செய்யாத குற்றத்தைச் சாட்சிகளோடு ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

எழுந்ததும் நான் எல்லாவற்றையும் விளக்கினேன். செடி அம்மாள், முருங்கைக்கீரை, லாக்கர் எதையும் விடவில்லை. இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். நோயாளி தனக்குக் காய்ச்சலே இல்லை என்று சாதிக்கும்போது நான் எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்டார்கள். ஒன்றும் வெட்கப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோபத்தில் மறுநாளே பேங்குக்குப் போய்ச் செயினை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இனி யாரும் பேச முடியாது என்று நினைத்தேன். பேசினார்கள். ஜெபித்த மறுநாளே நகை திரும்பிவிட்டது என்று சபைப் பெண்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து, அவர் ரம்மி ஆடவே இல்லை என்றேன். அல்லேலூயா என்றார்கள்.

அப்பா ஒருவர்தான் நான் சொன்னதை அப்படியே நம்பினார். நம்பிய கையோடு, பாதி உளுந்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

செல்வினை முதலாளி மறுபடி கூப்பிட்டார். "ரம்மியில விழுந்தவன் எவனும் இம்புட்டுச் சீக்கிரம் எந்திரிச்சதில்லலே. ஒனக்கு மனக்கட்டுப்பாடு ஜாஸ்தி. வசூலுக்கு நீயே போ" என்றாராம். நான் ஆடினதே இல்லை என்று சொல்லச் செல்வின் வாயைத் திறந்திருக்கிறார். சம்பள உயர்வு ஞாபகம் வந்ததும், சரிங்க முதலாளி, என்று மூடிக்கொண்டார்.

மாதம் முடிவதற்குள் விளையாட்டை நிறுத்தினோம். மிஞ்சிய பணத்தில், இட்லி கொடுத்தவர்களையும் குழம்பு கொடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். கணக்குப் பார்த்தால், கொஞ்சம் கைக்காசு போட்டதாகவே முடிந்தது.

அதன்பின் எங்கள் பண நிர்வாகம் மிகவும் எளிதாகிவிட்டது. சம்பளம் வந்ததும் சேமிக்க வேண்டியதை முதலில் ஒதுக்கிவிடுவோம். மீதியில் யார் என்ன வாங்கினாலும் மற்றவர் ஏன் என்று கேட்பதில்லை. விசாரணைகள் இல்லை. செல்வின் டீக்கடையில் எல்லோரும் பார்க்க வடை தின்கிறார். நான் பூ வாங்குகிறேன், கொஞ்சம் சத்தமாகவே பேரம் பேசி.

ஆனால் ரம்மியை விட்டவர் என்ற பெயர் அவரை விடவில்லை. பிள்ளைகளோ புருஷனோ அந்தப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டால், சபையில் இன்றைக்கும் அவரிடம்தான் அனுப்புகிறார்கள். அவரும் மறுக்காமல், கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார். சில பேர் உண்மையாகவே விட்டிருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

போன மாதம் தாயில்பட்டியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். கண்கலங்கி, "நீங்க எப்படிண்ணே விட்டீக?" என்று கேட்டார்.

செல்வின் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நான் ஆரம்பிக்கவே இல்ல தம்பி. அதனாலதான் விடுறது லேசா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பெண் கைகூப்பினாள். அடுத்த ஞாயிறு, அந்த வாக்கியத்தின் மேல் போதகர் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார்.