சிங்காரம் இட்ட முட்டை

காவிரித் தண்ணீருக்காக இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று காயாரோகணம் முடிவு செய்தார். மறியலுக்குப் போவதில்லை. மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்ப்பதில்லை. தண்ணீர் கேட்காத பயிர் ஒன்றை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு இரண்டு கால் இருந்தது.

ஈமு கோழிகள் மினிவேனில் வந்து இறங்கின. மூன்று ஜோடி. ஒவ்வொன்றும் ஆளுயரம். குறுவை பொய்த்துப் புல் மண்டிக் கிடந்த வயலைச் சுற்றிக் கம்பிவலை அடித்து உள்ளே விட்டார். அவர் மனைவி சௌந்தரநாயகி கோழியைப் பார்த்தாள். கோழி அவளைப் பார்த்தது. முதலில் கண்ணை எடுத்தது கோழிதான்.

"இத வெச்சு என்னங்க பண்றது?"

"கறி. எண்ணெய். தோலு. எறகு. எதுவும் வீணாவாது. கம்பெனிக்காரனே வந்து எடுத்துக்குவான்."

"எண்ணெய்னா? செக்குல போட்டு ஆட்டுவானா?"

"மூட்டுவலிக்குத் தடவுற எண்ணெய்டி. கொழுப்ப உருக்கி எடுக்கறது."

"இதுக்குக் கொழுப்பு இருக்கற மாதிரி தெரியலயே. வாங்குன ஆளுக்குத்தான் இருக்கு."

வயல் கோயிலுக்குச் சொந்தம். இவர்கள் குத்தகைக்காரர்கள். வெளியேற்ற வந்தவர்களைக் காயாரோகணத்தின் அப்பா வரப்பிலேயே மறித்து நின்று, மண்டையில் தையல் வாங்கிக் காப்பாற்றிய குத்தகை அது. ஒருநாள் கோயில் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கம்பிவலைக்குள் எட்டிப் பார்த்தார். "நெல்லுக்குக் குடுத்த நெலம்மா இது. தைக்குள்ள எதையாவது வெதச்சிருங்க. இல்லன்னா வேற ஆளுக்கு விட்டுருவாங்க" என்று சௌந்தரநாயகியிடம் சொன்னார். காயாரோகணத்திடம் சொல்லியிருப்பார், அவர் அப்போது உள்ளே ஒரு கோழிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். கோழிகளை வீட்டுக் கொல்லைக்கு மாற்றுங்கள், வயலில் உளுந்து தெளிக்கலாம். அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்.

"ஓடுற கோழிக்குத்தான்டி எண்ணெய் ஊறும். கொல்லையில எங்க ஓடும்?"

கோழிகளில் பெரியது ஒன்று இருந்தது. கழுத்தை உப்பி, நெஞ்சுக்குள்ளேயே தவில் தட்டுவது போல் டும் டும் என்று முழங்கும். நடையும் குரலும் கட்சியின் கிளைச் செயலாளரைப் போலவே இருந்ததால் காயாரோகணம் அதற்கு அவர் பெயரையே வைத்தார்: சிங்காரம். அதன் பின்னாலேயே ஒன்று லேசாக உறுமிக்கொண்டு அடக்கமாகப் போகும். அதற்கு ராணி என்று பெயர். மற்ற நாலுக்கும் இன்னும் பருவம் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு மாலை. பக்கத்து வயல் பக்கிரி வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சௌந்தரநாயகி தவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏங்க, முட்டை போட்டா இதுல எதுங்க அடைகாக்கும்?"

"கேள்வியப் பாரு. பொட்டைதான்."

"சேவல் உக்காந்தா?"

காயாரோகணம் சிரித்தார். பக்கிரி அதைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

"உக்காந்தா என்னன்னு கேட்டேன்."

"சேவல் அடைகாத்தா வயலு உன் பொறுப்பு. கோழிய எங்க மாத்தச் சொல்றியோ மாத்தறேன். போதுமா?"

"பக்கிரி தம்பி, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டேன் அண்ணி. அண்ணன் வாக்கு கல்வெட்டு."

மார்கழியில் சிங்காரம் உட்கார்ந்தது. எழுந்தது. கீழே கரும்பச்சையில் ஒரு முட்டை கிடந்தது.

"அண்ணே, சிங்காரம் முட்டை போட்டுட்டாரு!"

"எங்கேருந்தாவது உருண்டு வந்திருக்கும்டா."

சில நாள் கழித்து இன்னொன்று உருண்டு வந்தது. பிறகு மேலும் சில. சிங்காரம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலியோரம் முழங்கிக்கொண்டு நடந்தது. ராணி போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. காயாரோகணத்துக்கு உயிர் வந்தது.

"பாத்தியா? ராணிதான் உக்காந்திருக்கு. ராணி பொட்டை."

"அப்ப முட்டை போட்டது?"

"சிங்காரம்."

"சிங்காரம் சேவல்னீங்க."

காயாரோகணம் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடியும் எடுத்து உதறினார்.

"ரெண்டும் பொட்டையா இருக்கும்டி."

"சரிங்க. அப்ப அம்புட்டும் கூமுட்டை. குஞ்சும் வராது, பண்ணையும் கெடையாது. கோழிய வித்துட்டு வயல உழுதுரலாம்."

"இரு, இரு. ஒண்ணு சேவல்தான்."

"எது?"

அவர் யோசித்தார். உட்கார்ந்திருப்பது சேவல் என்றால் வயல் போச்சு. நிற்பது சேவல் என்றால் சேவல் முட்டை போட்டிருக்கிறது. பக்கிரியைப் பார்த்தார்.

"என்னக் கேக்காதீங்கண்ணே. எனக்கு இப்ப நாட்டுக்கோழி மேலயே சந்தேகமா இருக்கு."

கடைசியில் மாட்டு டாக்டரை அழைத்துவந்தார்கள். அவர் உதைக்குப் பயந்து வேலிக்கு வெளியிலேயே நின்று சொன்னார்: "உக்காந்திருக்கறதுதாங்க சேவல். குஞ்சு பொரியற வரைக்கும் தீனி எடுக்காது, எழுந்திரிக்காது. பொட்டை முட்டையப் போட்டுட்டுத் தன் சோலியப் பாக்கப் போயிரும். ஈமுல அப்படித்தான்."

டாக்டர் போன பிறகு காயாரோகணம் மெதுவாகக் கேட்டார். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கவருமெண்டு டிவில காட்டுனாங்க."

இலவச டிவிக்கு வரிசையில் நின்று, தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

பக்கிரியின் மனைவி மலர்கொடி வந்து பார்த்துவிட்டுப் போய் ஊரெல்லாம் சொன்னாள். களையெடுத்துத் திரும்பும் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். "சோறுகூடக் கேக்காதாம்டி" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு ஊர் ஆண்கள் வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தை பிறந்தது. டிராக்டர் வந்தது. கோழிகளைக் கொல்லைக்கு ஓட்டினார்கள். முட்டைகளைக் கூடையில் எடுத்துவந்து ராணியின் முன்னால் வைத்தார்கள். இடம் மாறியதில் ராணிக்கு எல்லாம் மறந்துவிட்டது. இத்தனை நாள் பசியோடு தவிட்டில் தலையை விட்டது.

கம்பெனிக்காரன் போனில் பதறினான். சூடு போனால் குஞ்சு போச்சு, குஞ்சு போனால் பண்ணையே போச்சு என்றான். பல்பு போட்டு வைக்கலாம்; பாதிப் பொழுது கரண்ட் இல்லை. சௌந்தரநாயகி உள்ளறையில் வைக்கோலைப் பரப்பினாள். மேலே சாக்கு விரித்தாள்.

"உக்காருங்க."

"நானா?"

"நான் உளுந்து தெளிக்கப் போவணும். கோழிக்கு மறந்துபோச்சு. வேற யாரு இருக்கா?"

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியிலும் தொடையோரமும் முட்டைகளை அணைத்து வைத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். "அப்பப்ப பொரட்டி விடணும். டாக்டர் சொன்னாரு."

வெளியே சைக்கிள் நின்றது. பக்கிரியின் குரல் கேட்டது.

"அண்ணன் இல்லையா அண்ணி? கட்சிக் கூட்டத்துக்கு வேன் வந்து நிக்குது."

"உள்ளதான் இருக்காரு. வரமாட்டாரு தம்பி."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்காரு. குஞ்சு வெளிய வந்ததும் வருவாரு."

பக்கிரி போகவில்லை. யோசித்துக்கொண்டு நின்றான். உள்ளே காயாரோகணம் கம்பளிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு முட்டையாகப் புரட்டிவிட்டார்.