பின்தங்காத கோடு

ஆட்டுத்தோலுக்கு விலை இருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு ஒரு கோடு இல்லை என்பதை அரசு மிகுந்த கவலையோடு கவனித்தது. உடனே ஆம்பூர் பக்கத்துத் தோல் சந்தையின் வாசலில் ஒரு மின்பலகையும், பங்குச் சந்தைப் பயிற்சி முடித்த ஜெயப்பிரகாஷ் என்ற அதிகாரியும் நிறுவப்பட்டார்கள். கடந்த இருபது நாள் விலையின் சராசரி தினமும் பலகையில் கோடாக நகரும். கோடு ஏறினால் தோலை வைத்திருக்கலாம், இறங்கினால் விற்றுவிடலாம்.

கறிக்கடைகளில் தோல் வாங்கி, உப்புப் போட்டு, தோல் பதனிடும் டேனரிக்கு விற்கும் கன்னியப்பன் கோட்டை மனதார நம்பினான். பக்ரீத் முடிந்ததும் சந்தையில் தோல் குவிந்து விலை படுத்துவிட்டது. பலகைக் கோடோ பண்டிகைக்கு முன் ஏறியிருந்த விலைகளை நினைத்துக்கொண்டு இன்னும் ஏறியது. அவனும் விற்காமல் வைத்திருந்தான். வருஷத்துச் சம்பாத்தியமே அந்தத் தோல்தான். உப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? குடோனில் நாற்றம் கிளம்பிவிட்டது.

"சார், வெலை படுத்து ஒரு வாரம் ஆவுது. உங்க கோடு இப்பதான் மாடி ஏறுது. இன்னா சார் இது?"

"இதுக்குப் பேர் பின்தங்கல்" என்றார் அதிகாரி பெருமையாக. "உலகம் பூரா இருக்குது."

"கம்மி பண்ண முடியாதா?"

முடியும். பழைய நாட்களின் மதிப்பைக் குறைத்து, புது நாட்களின் மதிப்பைக் கூட்டினார். கோடு கொஞ்சம் சுறுசுறுப்பானது. அப்புறம் அது எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தையும் கோட்டின் தலையிலேயே கூட்டி ஏற்றினார். கடைசியில் பழைய நாட்கள் அனைத்தும் உரிய மரியாதையுடன் நீக்கப்பட்டு, ஆகக் கடைசி விலை மட்டுமே கோடு என்று ஆணை வந்தது. பின்தங்கல் ஒழிப்பு விழாவில் அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இப்போது கோடு காலையில் ஏறி மதியம் விழுந்தது. விழுந்ததும் கன்னியப்பன் தோலைக் குட்டியானை வண்டியில் ஏற்றுவான். சந்தைக்கு வருவதற்குள் கோடு ஏறிவிடும். திரும்ப ஓட்டுவான்.

கடைசி விலை என்பது எங்கிருந்து வந்தது? அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு, விலைக்குத் தக்கபடி இத்தனை விரல் என்று பிடித்துப் பேசி முடிப்பார்கள். வெளியே வருகிறவரை அதிகாரி மரியாதையாக விசாரிப்பார், அவரும் மரியாதையாக ஒரு பொய் சொல்வார். விற்றவன் கூட்டிச் சொல்வான், வாங்கியவன் குறைத்துச் சொல்வான். இருபது நாள் பொய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் முன்பு கொஞ்சம் உண்மை மிஞ்சியது. இப்போது ஒரே ஒரு பொய், அதுவும் சுடச்சுட.

ஒருநாள் கன்னியப்பன் திரும்ப ஓட்டவில்லை. டேனரி ஆள் கவுஸ் பாஷா ஒரு தோலை இழுத்துப் பார்த்தார். முடி கையோடு வந்தது.

"இது பசை காய்ச்சத்தான் ஆவும் கன்னியப்பா" என்று துண்டுக்குள் இரண்டு விரலை மட்டும் பிடித்தார். கன்னியப்பனுக்கு அழுகையே வந்தது, தலையாட்டினான்.

வாசலில் அதிகாரி கேட்டார்: "என்ன விலைக்குப் போச்சு?"

பின்னால் நாலு வியாபாரிகள் நின்றிருந்தார்கள். கன்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தி, இந்த வருஷத்திலேயே உச்சமான விலை ஒன்றைச் சொன்னான். கோடு ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மேலே போனது. அதிகாரி அவனுக்குக் கைகொடுத்தார்.

வீட்டிலிருந்து மனைவி மேகலா போன் செய்தாள். "ஏங்க, வெலை உச்சத்துக்குப் பூட்ச்சாமே! எங்கண்ணன் விக்கறதுக்கு ஏத்தின தோலையெல்லாம் வண்டியிலேர்ந்து எறக்கிட்டாரு. இன்னும் ஏறட்டும்னு வச்சிருக்கப் போறாராம். சரிதானே?"

உண்மையைச் சொல்லலாம். ஆனால் மச்சான், "நீ இன்னா வெலைக்குக் குடுத்த?" என்று கேட்பானே.

"சரிதான்" என்றான் கன்னியப்பன். "உப்பு மட்டும் ஜாஸ்தியா போடச் சொல்லு."