மக்கள் நேய நகரத்தின் பின்கட்டு

ரோமாபுரி குளியலறைகளைக் கட்டிப் புகழ் பெற்றது. மேல்கரைப்பேட்டை நகராட்சியோ கழிப்பறையை இடித்துப் புகழ் பெற்றது. இரண்டில் எது அரிய சாதனை என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும்.

ஆம்பூரில் பஸ் ஏறினால், கண்ணசந்து விழிப்பதற்குள் வந்துவிடும் ஊர் அது. பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். பயன்படுத்தினார்களே தவிர, நகராட்சிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இந்த அநியாயத்தைக் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வரவேண்டியிருந்தது. ‘தன் காலில் நிற்கும் நகரம்’ என்பது அவருடைய திட்டம். காலில் நிற்பதென்றால் காலுக்கு ஏதாவது வேண்டுமல்லவா? கழிப்பறை போய், அந்த இடத்தில் ஃபைபரில் செய்த ராட்சத ஷூ ஒன்று வந்தது. உள்ளே ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் உண்டு.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், இடித்து முடித்த பிறகு முறைப்படி நடந்தது. முன்பே கேட்டால் மக்கள் வீணாகக் குழம்புவார்கள் என்பது ஆணையர் சூரியபிரகாஷின் கருணை உள்ளம். கூட்டத்தில் சைரா எழுந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் தனியாகக் குடியிருப்பவர். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை வாங்கிவந்து வீட்டிலேயே கைத்தையல் போட்டுக் கொடுப்பவர்.

"சார், பொம்பளைங்க இனிமே எங்க போவாங்க?"

"வேலைக்குத்தானேம்மா போறாங்க?"

"அதுக்கு முன்னாடி, சார்."

ஆணையர் யோசித்தார். ஆலோசகர் காதில் கிசுகிசுத்ததை அப்படியே எடுத்துச் சொன்னார். "அது செயல்படாத சொத்தும்மா."

"செயல்பட்டுச்சே சார். தெனமும் லைன்ல நிப்பாங்களே."

"ஆளுங்க செயல்பட்டாங்க. சொத்து செயல்படலை."

பலத்த கைதட்டல். சைரா உட்கார்ந்துவிட்டார். கேட்டது தப்போ என்று அவருக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. நல்ல நிர்வாகத்துக்கு இதைவிட வேறு இலக்கணம் என்ன வேண்டும்?

அதன் பிறகு ஒருநாள் விடிகாலை, சைரா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெளியே அமிர்தவள்ளி நின்றாள். கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. வயிற்றில் ஆறு மாதம்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. ஒரு நிமிஷம் உள்ள வரட்டா?"

"இன்னாம்மா இப்டி வேர்த்துக் கொட்டுது?"

"தண்ணி குடிச்சா போவணும்னு, குடிக்கறதையே வுட்டுட்டேங்க்கா. நேத்து டாக்டரம்மா திட்டித் தீத்துட்டாங்க. இப்டியே இருந்தா கொழந்தைக்கு ஆவாதாம்."

சைரா பின்கட்டிலிருந்த கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டார். அவள் திரும்பி வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை எதிரிலேயே நின்றார். "நாளைக்கும் வா. கேக்காமயே வா."

மறுநாள் அவள் தோழிகள் இருவரைக் கூட்டிவந்தாள். அப்புறம் ஒரு பஸ் கூட்டமே வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்பே சைரா எழுந்து தண்ணீர் டிரம்மை நிரப்பிவைத்தார். அது போதாதென்று தெரிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீரும், அவ்வப்போது ஒரு பினாயில் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். சைராவின் தையல் வேலை பின்தங்கியது, இடுப்பும் வலித்தது. "பேஜாரா இருக்குது" என்று முனகுவார், கதவைத் திறந்துகொண்டே. காசு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கு நிதி மேலாண்மை அறிவு போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தச் சமயத்தில்தான் ‘மக்கள் நேய நகரம்’ விருதுக்காக ஊரைப் பார்வையிட சங்கீதா என்ற உயர் அதிகாரி வந்தார். நகராட்சி அவரை இளநீர், மோர், டீ, மறுபடி இளநீர் என்று உபசரித்தது. மாலையில் ராட்சத ஷூவுக்குள் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் முகம் மாறியது.

"லேடீஸ் டாய்லெட் எங்க இருக்கு?"

ஆணையர் பொய் சொல்லாதவர். "நீங்க நிக்கறீங்களே மேடம், அந்த எடந்தான்."

நல்லவேளையாகக் கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கிய அமிர்தவள்ளி, அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். சொந்த அனுபவம். "வாங்க மேடம், சைராக்கா வூடு இருக்குது" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

திரும்பி வந்த சங்கீதாவின் முகத்தில் ஞானிகளின் அமைதி. "இது நகராட்சியோட ஏற்பாடா?"

"ஆமா மேடம். சமூகப் பங்களிப்பு. எங்களுக்கு இதுல ஒரு பைசா செலவு கிடையாது" என்றார் ஆணையர். அதில் கடைசி வாக்கியம் முழு உண்மை.

விருது கிடைத்தது. அதை வாங்கும்போது ஆணையர் கண்கலங்கினாராம்.

அடுத்த வாரம் ஒரு விடிகாலையில் அவர் விருதுக் கேடயம், சால்வை, போட்டோகிராபர் சகிதம் சைரா வீட்டுக்கு வந்தார். வாசலில் ‘மேல்கரைப்பேட்டை நகராட்சி மக்கள் நேயக் கழிப்பறை’ என்று போர்டு அடிக்கப்பட்டது. சால்வை போர்த்தப்பட்டது. படம் எடுக்கப்பட்டது. பிறகு ஆணையர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன விஷயம்மா. போர்டு வெச்சாச்சு. இனிமே இது வீடு இல்லை, பொதுப் பயன்பாட்டுக் கட்டடம். வீட்டு வரி, தண்ணி வரி ரெண்டும் கொஞ்சம் ஜாஸ்தி ஆகும்."

"நான் யார்கிட்டயும் துட்டு வாங்கறதில்லயே சார்."

"அதாம்மா எனக்கும் வருத்தம். விருது வாங்கின கழிப்பறைய இப்படி நஷ்டத்துல நடத்தலாமா?"

குடங்களோடு வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சைரா சால்வையைக் கழற்றி, மடித்து, போட்டோகிராபர் கையில் கொடுத்தார்.

"நீ உள்ள போ அமிர்தா, பஸ்ஸு வந்துரும்."

பிறகு ஆணையர் மார்போடு அணைத்திருந்த கேடயத்தைக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "மக்கள்... நேய... நகரம்..."

நிமிர்ந்தார்.

"மக்கள் இதோ லைன்ல நிக்கறாங்க சார். நேயம் பின்கட்டுல இருக்குது. அந்த மேடமே போய்ப் பாத்துட்டாங்க. மூணாவதா நகரம்னு ஒண்ணு போட்டிருக்குதே, அத எங்க சார் இடிச்சுப் போட்டீங்க?"