பாசி பிடித்த குளமும் ஒரு லோடு செம்மண்ணும்

குளத்தில் பாசி பிடித்துவிட்டது. போன பங்குனியில். நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் செய்தது.

குளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பத்தடிக்கு எட்டடி. மூன்றடி ஆழம். திருமங்கலத்துக்கு வெளியே, புதிதாக பிளாட் போட்ட நகரில் என் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லையில் குளம். குளத்தில் ஒரு அல்லி, ஆறு தங்கமீன். கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் நான்.

பொதுப்பணித்துறையில் முப்பத்துநாலு வருஷம் ஒர்க் இன்ஸ்பெக்டர். பதினோரு கண்மாய் என் பொறுப்பில் இருந்தன. ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொண்டிருக்க ஒரு தண்ணீர் வேண்டாமா? தோண்டினேன். மீன்களுக்குப் பழைய மேலதிகாரிகளின் பெயர் வைத்தேன். சும்மா வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீனுக்கு எங்கள் செயற்பொறியாளர் பெயர். என்ன பெயர் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறேன்.

வந்தது சாதாரணப் பாசி இல்லை. நூல்பாசி. சடை சடையாக வளரும். கையை விட்டால் ஈரக் கூந்தல் மாதிரி சுற்றிக்கொள்ளும். அல்லித் தண்டைச் சுற்றியது. கல்லைச் சுற்றியது. ஒரு நாள் செயற்பொறியாளரையே சுற்றிவிட்டது. நான்தான் கையை விட்டு மீட்டேன். நன்றி சொல்லவில்லை. பணியில் இருந்தபோதும் சொன்னதில்லை.

என் மனைவி கனகலட்சுமி கொல்லைக்கு வந்தாள். மதில் ஓரத்தில் அவளுக்கு எட்டு மல்லிச்செடி உண்டு. எட்டும் நோஞ்சான். அவற்றைப் பார்க்க வந்தவள் குளத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது? குளமா, எருமை படுத்த குட்டையா?"

"வெயில் காலம். அப்படித்தான் இருக்கும்."

"பதினோரு கம்மாயப் பாத்த ஆளு. ஒரு பத்தடிக் குழியப் பாக்க முடியலையாக்கும்?"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"அதான் தெரியுதே. காலையில இருந்து உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கீக. பேசாம மூடிருவோம். தவசிகிட்டச் சொல்லி ஒரு லோடு மண்ணு அடிக்கச் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் டிவி அவளுடையது. வாசல் அவள் தம்பி தவசி வந்தால் உட்கார்கிற இடம். படுக்கையறையில் பாதி அவள் பீரோ. இந்தப் பூமியில் எனக்கென்று மிச்சம் இருப்பது பத்தடிக்கு எட்டடி. அதையும் மூடுவதா?

எழுந்து நின்றேன். கெடு வைத்தேன்.

"வைகாசி ஒன்னாந்தேதி. அன்னைக்கு ஒரு ரூபாக் காசைக் குளத்துல போடு. அடியில கிடக்கிறது பூவா தலையான்னு மேல இருந்து தெரியும். தெரியலைன்னா நீயே மூடிக்க."

"பேச்சு மாறக் கூடாது."

"எங்க வம்சத்துல கிடையாது."

மறுநாளே தவசி வந்துவிட்டான். டிராக்டரோடு. கேட் ஓரமாக ஒரு லோடு மண்ணைக் கொட்டினான்.

"என்ன மாப்ள, இம்புட்டு அவசரம்?"

"அக்கா சொல்லிருச்சு மச்சான். எனக்கு ஒன்னும் தெரியாது."

என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினான். நல்ல செம்மண். சலித்த மாவு மாதிரி இருந்தது. போகும்போதும் வரும்போதும் அந்தக் குவியல் என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

போர் தொடங்கியது. கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் கட்டினேன். அள்ளினேன். வாளி வாளியாக வந்தது. மதில் ஓரமாக வீசினேன்.

அடுப்படி ஜன்னலில் தலை தெரிந்தது.

"ஏங்க! அந்தச் சனியன என் மல்லிகிட்டப் போடாதீக!"

"அங்கதான் போடுவேன்."

"சொன்னாக் கேக்க மாட்டீகளா?"

"மாட்டேன்."

தலை மறைந்தது. முதல் வெற்றி. அன்றிலிருந்து தினமும் பாசியை மல்லி மேலேயே போட்டேன். குறி பார்த்து.

ஆனால் இன்று அள்ளினால் மூன்றாம் நாள் அதே அளவு வந்து நின்றது. இடுப்பு பிடித்துக்கொண்டது. பாசிக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு விஷயம். குளத்துக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கனகலட்சுமி ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு வாங்கி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வைக்கும்போதே எச்சரித்தாள்.

"இது என் மல்லிக்கு. தொட்டீகன்னாப் பாருங்க."

நான் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவன். செடி என்று ஒன்றைக் கண்டால் எரு வைக்காமல் கை நிற்காது. கருவேலஞ்செடிக்கே உரம் வைத்தவர் எங்கள் அய்யா. என் அல்லியோ மூன்று மாதமாக மொட்டே விடவில்லை. பசி. பாவம். வெள்ளிக்கிழமை கனகலட்சுமி கோயிலுக்குக் கிளம்பினதும் ஒரு படி புண்ணாக்கை எடுத்து ஊறவைத்து அல்லி தூரில் விட்டுவிடுவேன். வாராவாரம். மூட்டை குறைவது அவளுக்குத் தெரியவே இல்லை. முப்பத்துநாலு வருஷம் இலாகாவில் இருந்தவனுக்கு மூட்டையில் கைவைக்கத் தெரியாதா?

சித்திரை பிறந்தது. பாசி அடங்கவில்லை. சிஹாபுதீனுக்குப் போன் போட்டேன். கோரிப்பாளையத்தில் வளர்ப்புமீன் கடை வைத்திருக்கிறார். மீன் வாங்கியது அவரிடம்தான்.

"பாய், நூல்பாசிக்கு ஒரு மருந்து சொல்லுங்க."

"மருந்து வேணாம்ணே. பட்டினி போடுங்க."

"யாரை?"

"பாசியத்தான். தண்ணில சத்து இருந்தாத்தாண்ணே அது வளரும். உரம் கிரம் போடுறீங்களா?"

"இல்ல."

"சாணி? புண்ணாக்கு?"

"இல்லங்கிறேன்ல."

"அப்புறம் எப்படிண்ணே இம்புட்டுப் பாசி? யாரோ வச்சு ஊட்டுறாங்க. எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

போனை வைத்துவிட்டேன். கேட்பதாவது.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காணோம்.

"எங்கடி?"

"கடையிலயே திருப்பிக் குடுத்தாச்சு. அது விசம். உங்க அதிகாரி ஆறு பேரும் செத்து மெதந்தா யாரு மொட்டை போடுறது?"

வைகாசிக்குப் பத்து நாள் இருந்தது. அப்போது வந்தது வாய்ப்பு. டி. கல்லுப்பட்டியில் தவசி பேத்திக்குக் காதுகுத்து. கனகலட்சுமி இரண்டு நாள் போகிறாள். எனக்கு இடுப்பு வலி. போகவில்லை. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"இந்தாங்க. நான் இல்லாத நேரம் பாத்து மோட்டாரப் போட்டுக் குளத்த எறச்சிறாதீக."

"சேச்சே."

"அம்புட்டுத் தண்ணியும் என் மல்லிப் பாத்தில போயி நிக்கும்."

"நீ கெளம்பு. பஸ் போயிரப் போகுது."

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மோட்டார்! ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் கொல்லைக்கு ஓடினேன். மோட்டார் தயாராக இருந்தது. ஓஸ் கூட மாட்டி இருந்தது. ஓஸின் மறுமுனை மல்லிப் பாத்தியில் கிடந்தது. எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

அதிகாரிகளைப் பொங்கல் அண்டாவுக்கு மாற்றினேன். இறைத்தேன். சுவரைத் தேய்த்தேன். கல்லைத் தேய்த்தேன். போர்வெல் தண்ணீரை நிரப்பினேன். மறுநாள் சாயங்காலம் குளம் கண்ணாடி.

கனகலட்சுமி வந்தாள். பார்த்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துப் போட்டாள். அடியில் போய் உட்கார்ந்தது.

"தலை" என்றேன்.

"தலைதான். கெட்டிக்காரர்தான். ஆனா கெடு வைகாசி ஒன்னாந்தேதி."

"என்னைக்குப் பாத்தா என்ன?"

"அன்னைக்கே பாப்போம்."

சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அல்லிக்கு இரண்டு படி வைத்தேன்.

நாலாம் நாள் தண்ணீர் லேசாகப் பச்சை. ஆறாம் நாள் ஒரு நூல். எட்டாம் நாள் சடை. சிஹாபுதீனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மொத்தத் தண்ணியும் மாத்திட்டேன் பாய்!"

"யாருண்ணே மாத்தச் சொன்னது? புதுத் தண்ணி, சித்திரை வெயில். இதுல தீனியும் விழுந்துச்சுன்னா பாசிக்குக் கல்யாண விருந்துண்ணே."

வைகாசி ஒன்று. கனகலட்சுமி காசைப் போட்டாள். காசு முழுகவே இல்லை. பாசி மேல் மெத்தையில் படுத்த மாதிரி மல்லாந்து கிடந்தது.

"தலை தெரியுதே" என்றேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "தவசி! மம்பட்டிய எடுத்துக்கிட்டு வா."

வார்த்தை கொடுத்தாயிற்று. நாற்காலியை நானே தூக்கி ஓரமாக வைத்தேன். அண்டாவைக் கொண்டுவந்தேன். ஆறு பேரும் மேலே வந்து வாயைத் திறந்து மூடினார்கள். இந்த முறை செயற்பொறியாளர் ஏதோ சொல்ல வருவது போலவே இருந்தது. கண்ணில் தூசி விழுந்தது.

தவசி செம்மண்ணைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தான். குளத்தைத் தாண்டினான். மதில் ஓரம் போனான். மல்லிச்செடி தூரில் கொட்டினான்.

"மாப்ள! குளம் இங்க இருக்கு."

"இருக்கட்டும் மச்சான்."

"மூட வேண்டாமா?"

"குளத்தையா? மல்லிப் பாத்திக்குன்னுல்ல அக்கா மண்ணு கேட்டுச்சு. தை மாசமே சொல்லிருச்சே. நான்தான் லேட்டு." சட்டியை இறக்கினான். "பள்ளம் மூட எவனாச்சும் சலிச்ச செம்மண்ணு அடிப்பானா மச்சான்? நீங்கள்லாம் ஒர்க் இன்ஸ்பெக்டரா இருந்து..."

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. நல்ல பையன்.

அப்போதுதான் மல்லியைப் பார்த்தேன். இரண்டு மாதமாகத் தண்ணீரையும், குறி பார்க்கும்போது செடியின் தூரையும் மட்டுமே பார்த்தவன். எட்டுச் செடியும் என் நெஞ்சுயரம். இலை தெரியாமல் மொட்டு. தூரில் நான் குறி பார்த்து எறிந்த பாசி, காய்ந்து மக்கி, அடுக்கடுக்காக.

"ஏ கனகு. பாசியப் போடாதீகன்னு சொன்னியே?"

"போடுங்கன்னு சொன்னாப் போட்டிருப்பீகளா?"

"எறைக்காதீகன்னு சொன்னியே?"

"ஓஸ மாட்டி வச்சிட்டுத்தான சொன்னேன்."

மெதுவாகக் கேட்டேன். "புண்ணாக்கு?"

"உங்க நாற்காலிகிட்ட எதுக்குக் கொண்டாந்து வச்சேன்னு நெனைச்சீக? அப்படியே போட்டா செடிக்குச் சூடு. உங்க குளத்துல ஊறிப் பாசியாகி வந்தா குளுமை. ஊற வைக்க, அள்ள, சுமக்க ஆளும் வேணும்ல."

"குளத்த மூடுறேன்னு மெரட்டினது?"

"மெரட்டாட்டி அள்ளியிருப்பீகளா? மூடிட்டா நீங்க பகல் பூரா வீட்டுக்குள்ளல்ல இருப்பீக. அத யாரு தாங்குறது?"

தவசி சிரித்தான். நல்ல பையன் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

"போதும். செடி தேறிருச்சு" என்றாள் கனகலட்சுமி. தேய்ந்த தென்னை விளக்குமாற்றை எடுத்தாள். தண்ணீரில் விட்டு ஒரே பக்கமாகத் திருகினாள். திருகத் திருகப் பாசி நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. கால் மணி நேரம். குளம் காலி. இரண்டு மாதம் நான் வலை போட்டேன். பிறகு இரண்டு தென்னங்கீற்றை வெயில் பக்கம் குறுக்கே போட்டாள். புண்ணாக்கு மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில்.

பதினைந்து நாளில் அடித்தரை தெரிந்தது. காசு தெரிந்தது. பூவா தலையா என்பதும் தெரிந்தது. பட்டினி கிடந்த அல்லி, அப்போது பார்த்துப் பூத்தது.

நேற்று சிஹாபுதீன் போன் போட்டார். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி காலியாக இல்லை. அதில் இருந்துகொண்டு கனகலட்சுமி மல்லி தொடுத்துக்கொண்டிருந்தாள். காற்று அங்கேதான் நன்றாக வருகிறதாம்.

"என்னண்ணே, பாசி?"

"போயிருச்சு பாய்."

"சூப்பர்ணே! எப்படிண்ணே போச்சு?"

"தானாப் போச்சு."

பூத் தொடுக்கிற கை நின்றது.

"தானால்லாம் போகாதுண்ணே. யாரு சரி பண்ணா?"

நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"கனகலட்சுமி" என்றேன்.